பட்ஜீஸுக்கு விதை தேர்ந்தெடுப்பது எப்படி: கடலோரத்தில் வளர்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடியில் பல வருடமாக பட்ஜீஸ் என்ற சின்னக் கிளிகளை வளர்க்கிறேன். புதிதாக ஒரு ஜோடி வாங்கி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த விதை போடணும்?" தினையும் பனிவரகும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு போனவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து "குருவி உப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு, என்னன்னு தெரியல" என்று திரும்பி வருகிறார்கள். நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் தப்பான விதையைப் போட்டுப் பறவையை இழந்தவர்கள் குறைவு. சரியான விதையை வாங்கி அது நமத்துப்போய், பூசணம் பிடித்து, அதையே போட்டு இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூடி இறுக்கமாக மூடும் டப்பா 2, நொய் சலிக்கும் சல்லடை, ஒரு சொளகு (முறம்), ஒரு வெள்ளைத் தட்டு, பழைய பருத்தித் துணி, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. தராசு மட்டும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். தராசு எதற்கு என்று 9-வது படியில் சொல்கிறேன், அதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

1. டப்பா முதலில், விதை அப்புறம்

பெரும்பாலோர் விதையை வாங்கி வந்த பிறகுதான் எதில் போடுவது என்று யோசிக்கிறார்கள். அதற்குள் அது கடைக்காரர் கட்டிக் கொடுத்த பாலித்தீன் பையிலேயே நான்கு நாள் கிடந்துவிடுகிறது. மதுரைப் பக்கம் என்றால் பரவாயில்லை. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. உப்புக்காற்று பட்ட பொருள் ஈரத்தை இழுக்கும். வாசல் கம்பிக் கதவு துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்தக் காற்றுதான் விதையையும் தொடுகிறது.

எவர்சில்வர் தூக்குவாளி, மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பா, இரண்டில் எதுவும் சரி. பெயின்ட் வந்த வாளி வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். முண்டு மிளகாய் வந்த சாக்கும் வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் அந்தச் சாக்கு ஒன்று கிடக்கும், தவசம் (தானியம்) கொட்டிவைக்க அதைத்தான் எடுப்பார்கள். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, அது பிரச்சினை இல்லை. மிளகாய்க்கு அடித்த மருந்தும், சாக்கில் ஊறிய பழைய ஈரமும்தான் பிரச்சினை.

டப்பாவைக் கழுவி ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். இடத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். தரையில் வேண்டாம், குளியலறைச் சுவர் ஓரம் வேண்டாம், கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அங்கே உப்பும் ஈரமும் பூச்சியும் ஒன்றாக இருக்கும்.

2. உங்களிடம் இருப்பது எந்தப் பறவை, எத்தனை

கடைகளில் பட்ஜீஸை "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை, குட்டை வால், தடித்த அலகு. பட்ஜீஸ் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது, நீண்ட வால், சின்ன அலகு, தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்கித் தின்று வாழ்வது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் "லவ் பேர்ட்ஸ் தீனி" என்று கேட்டு வாங்கி, சூரியகாந்தி நிறையக் கலந்த பெரிய பறவைத் தீனியோடு வீட்டுக்கு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடையில் "பட்ஜீஸ்" என்றே கேளுங்கள். அதற்கும் பாக்கெட்டை நீட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

எண்ணிக்கை எதற்கென்றால், எவ்வளவு வாங்குவது என்று கணக்குப் போட. வளர்ந்த பட்ஜீஸ் ஒன்று 30 முதல் 40 கிராம் எடை இருக்கும், ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 டீஸ்பூன் விதை தின்னும். அதாவது ஏறக்குறைய 6 முதல் 8 கிராம். 4 பறவை இருந்தால் மாதத்துக்கு 1 கிலோ போதும். இது தெரியாமல் விலை குறைகிறதென்று 10 கிலோ வாங்கினால் அதில் பாதியைப் பறவை தின்னும் முன்னே வண்டு தின்றுவிடும்.

3. எந்த விதை, எதற்கு

இதுதான் பெரிய பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பொது விதி. பறவைக்கு வேண்டியது உமியோடு இருக்கும் முழு விதை. மளிகைக் கடையில் தினை கேட்டால் தினை அரிசியைத்தான் கொடுப்பார்கள், உமி நீக்கியது, நாம் பொங்கல் வைப்பதற்கு. அது விஷமில்லை, ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் உமி போன விதையில் எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஈரமும் உடனே ஏறும். அதோடு, விதையை அலகில் உருட்டி உமி உரிப்பது பட்ஜீஸுக்கு நாள் முழுக்க இருக்கிற வேலை. அந்த வேலை இல்லாத பறவை சும்மா உட்கார்ந்து இறகைப் பிடுங்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேட்கும்போதே "உமியோட, பறவைக்கு" என்று சொல்லுங்கள்.

தினை: அடிப்படை இதுதான். சின்னது, உமி மெல்லியது, எல்லாப் பறவையும் தின்னும். மஞ்சளும் உண்டு, செந்தினையும் உண்டு, எது கிடைத்தாலும் சரி. கதிரோடு கிடைத்தால் விடாதீர்கள். நோய்ப்பட்ட பறவைக்கும், பயந்து கிண்ணத்துக்கு வராத புதுப் பறவைக்கும் தினைக்கதிரை விட நல்ல தீனி எனக்குத் தெரியாது.

பனிவரகு: தினையை விடக் கொஞ்சம் பெரியது, உருண்டையானது, வழவழவென்று பளபளக்கும். தினைக்கு அடுத்த இடம் இதற்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வரகு வேறு, பனிவரகு வேறு. பெயர் ஒத்திருப்பதால் கடைப் பையன் வரகைக் கட்டிக் கொடுத்துவிடுவான், வாங்குகிறவருக்கும் தெரியாது. வரகின் உமி அடுக்கடுக்காகத் தடித்தது, பட்ஜீஸ் அலகால் உரிக்கத் திணறும். அதை விட முக்கியம், மழையில் நனைந்த வரகில் ஒரு பூஞ்சை வரும், அதைத் தின்ற ஆளும் மாடும் மயங்கி விழும் என்று விவசாயிகளுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் அடுத்தடுத்துச் செத்தன. பூஞ்சை பிடித்த வரகுப் பயிரைத் தின்றதுதான் காரணம் என்றார்கள், பரிசோதனையில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு தெரிந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால் 35 கிராம் பறவைக்கு யோசிக்கவே வேண்டாம். நான் வரகைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோவதில்லை.

சாமை, குதிரைவாலி: இரண்டும் நல்லவை. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி போடுகிறார்கள், தெரிந்தவர் இருந்தால் களத்திலேயே உமியோடு வாங்கிவிடலாம். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதை விடப் புதிய விதை வேறெங்கும் கிடைக்காது. குதிரைவாலி உமியில் தூசி கொஞ்சம் அதிகம், புடைக்காமல் போடாதீர்கள்.

கேனரி விதை: வெளிநாட்டிலிருந்து வருவது, நடுவில் பருத்து இரு முனையும் கூராக, வெளிர் பழுப்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும். விலை அதிகம். ஆனால் சிறுதானியங்களில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது இதில் ஏறக்குறைய 20 சதவீதம். இறகு உதிர்த்து முளைக்கும் நேரத்திலும் குஞ்சு வளர்க்கும் நேரத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். முடிந்தவர்கள் சேருங்கள். முடியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அவித்த முட்டையைப் பொடித்து வாரம் இரு முறை கொஞ்சம் வைத்தால் புரதம் சேர்ந்துவிடும், மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கம்பு, கேழ்வரகு: கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் போலக் கால்சியம் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் பல பறவை அதைத் தொடாது. கம்பு பெரிது, உமியும் இல்லை. இரண்டையும் ஒரு கை அளவு சேர்க்கலாம். கம்பு மலிவு என்று அதையே அடிப்படையாக வைத்தால் கிண்ணத்தில் கம்பு மட்டும் மிஞ்சும்.

நெல்: சில பறவை ஆசையாகத் தின்னும், சில தின்னாது. கொஞ்சம் போடலாம்.

சூரியகாந்தி, குசும்பா, பேயெள்ளு: எண்ணெய் வித்துகள். சூரியகாந்திப் பருப்பில் பாதி எண்ணெய், தினையில் 4 சதவீதம்தான். காட்டில் நாள் முழுக்கப் பறக்கிற பறவைக்கு அது எரிந்துபோகும். இரண்டடிக் கூண்டில் இருக்கிற பறவைக்கு ஈரலில்தான் கொழுப்பாகச் சேரும். சூரியகாந்தியைக் கலவையில் சேர்க்கவே வேண்டாம், கையில் வைத்துப் பழக்கும்போது இரண்டு விதை கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பறவை அதைத்தான் விரும்பித் தின்கிறதே என்பார்கள். நம் வீட்டுக் குழந்தையும் முறுக்கைத்தான் விரும்பித் தின்னும்.

4. எங்கே வாங்குவது, எங்கே வாங்கக் கூடாது

பறவைக் கடை, நாட்டு மருந்துக் கடை, சந்தையில் தவசம் விற்பவர், நேராக விவசாயி, இந்த நான்கும் சரி. எதுவாக இருந்தாலும் விற்பனை ஓடுகிற இடமாகப் பாருங்கள். மாதம் ஒரு மூட்டை தீராத கடையில் அடி மூட்டை எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது.

விதைப்பதற்கு என்று விற்கும் விதையை மட்டும் வாங்கவே கூடாது. அது விதை நேர்த்தி செய்தது, பூஞ்சைக் கொல்லியும் பூச்சி மருந்தும் தடவியது, சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருக்கும். கழுவினால் போகாது. "விதைக்கிற விதைதான் நல்லா முளைக்கும், அப்ப அதுதானே சத்து" என்று ஒரு பெரியவர் என்னிடம் நம்பிக்கையோடு சொன்னார், கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் போட்டால் பறவை மிஞ்சாது.

களத்திலிருந்து வாங்குவதானால் தை, மாசியில் புதுத் தவசம் வரும்போது வாங்குங்கள். பருவ மழையில் விதைத்தது அப்போதுதான் அறுவடைக்கு வரும், அடுத்து வெயில் காலம் என்பதால் காயவைக்கவும் வசதி.

5. கடையிலேயே நின்று செய்யும் சோதனை

பையில் கட்டுவதற்கு முன் நான்கு காரியம் செய்யுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மூட்டைக்குள் கையை முழங்கை வரை விடுங்கள். மேலே காய்ந்திருக்கும் விதை உள்ளே சில்லென்றோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் ஈரம் இருக்கிறது. காய்ந்த விதை கையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

வெளியே எடுத்த கையை முகருங்கள். நல்ல தினைக்கு லேசான வைக்கோல் வாசனை இருக்கும். மக்கிய வாடை, மண்பானை அடியில் வருகிற வாடை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மருந்து வாடை வந்தாலும் அப்படியே.

ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டிலோ வெள்ளைத் தாளிலோ பரப்புங்கள். நூல் நூலாக விதைகள் கோத்துக்கொண்டு நின்றால் அந்துப்பூச்சி. எலிப் புழுக்கை ஒன்று இருந்தாலும் மூட்டை முழுக்க வேண்டாம், எலி மூத்திரம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிற, பச்சை நிறத் தூள் ஒட்டியிருந்தால் பூசணம்.

கடைசியாக ஒரு விதையைப் பல்லிடையில் வைத்துக் கடியுங்கள். "டக்"கென்று உடைய வேண்டும். நசுங்கினால் நமத்துவிட்டது. உடைத்ததை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள், கசந்தால் பழையது. சாயம் ஏறிய விதையையோ மருந்து வாடை அடித்ததையோ மட்டும் வாயில் வைக்காதீர்கள்.

6. வீட்டில் முளைப்புச் சோதனை

கடைச் சோதனையில் தேறிய விதையிலும் முதலில் கால் கிலோ மட்டும் வாங்குங்கள். 50 விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பி, சுருட்டி, ஒரு தட்டில் வையுங்கள். துணி காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். நான்கைந்து நாளில் பிரித்து எண்ணுங்கள். 40-க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை, போய் மாதத்துக்கு வேண்டியதை வாங்கி வாருங்கள். 30-க்குக் கீழே என்றால் வேறு கடை பாருங்கள்.

முளைக்கிற விதையில் உயிர் இருக்கிறது, அதாவது அதன் எண்ணெயும் உயிர்ச்சத்தும் இன்னும் கெடவில்லை. முளைக்காத விதை ஒன்று பழையது, அல்லது சூட்டில் வெந்தது, அல்லது உள்ளே பூச்சி தின்றது. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பட்ட விதையும் முளைக்கும். அதனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதென்று 4-வது படியை விட்டுவிடக் கூடாது.

7. சலித்து, புடைத்து, காயவைத்து, அடைப்பது

முதலில் சல்லடை, அப்புறம் சொளகு. சல்லடையில் நொய்யும் மண்ணும் போகும், சொளகில் பதரும் தூசியும் போகும். மொட்டை மாடியில் காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று புடையுங்கள். அந்தத் தூசியைப் பறவை மூச்சில் இழுக்காமல் இருக்கத்தான் இவ்வளவும். பறவைகளுக்கு நுரையீரலில் பூஞ்சை நோய் எளிதாக வரும், வந்தால் வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கும், காப்பாற்றுவது சிரமம்.

கழுவலாமா என்று கேட்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கழுவலாம், அன்றைக்கே காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கழுவவே கூடாது. காயவைப்பதும் காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள் முடிய வேண்டும். சாயங்காலம் கடல் காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும், ஐந்து மணி வரை விட்டால் பகலில் காய்ந்ததைத் திரும்பக் குடித்துவிடும். எடுத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் போடாதீர்கள். வீட்டுக்குள் துணியில் பரப்பி, ஆறியதும் போடுங்கள். சூடான தவசத்தை மூடி வைத்தால் உள்ளே வியர்க்கும், மூடியின் உட்பக்கம் நீர் கோத்து நிற்கும்.

பூச்சிக்கு: விதையைப் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி அப்படியே விட்டு, குளிர் போன பிறகு பிரியுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த விதையில் காற்றின் ஈரம் படிந்து எல்லாம் வீணாகும்.

வேப்பிலை போடுவது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம்தான், ஆனால் மரத்திலிருந்து பறித்த கையோடு பச்சையாகப் போடுகிறார்கள். இலையில் இருக்கிற ஈரம் மூடிய டப்பாவுக்குள் போய்ப் பூசணமாகிறது. நிழலில் மொறுமொறுவென்று காய்ந்த பிறகு, துணியில் முடிந்து போடுங்கள். அரிசி, பருப்புக்குச் சிலர் தடவும் போரிக் பவுடர், மூட்டைக்குள் வைக்கும் வண்டு மாத்திரை இரண்டும் பறவை விதைக்கு ஆகவே ஆகாது.

பூசணம் பிடித்த விதையை மட்டும் வெயிலில் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரு கார்த்திகையில் நான் அதைச் செய்தேன். கடையில் 5 கிலோ தினை வாங்கி, அடைமழையில் டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்து, மழை விட்டதும் பார்த்தால் அடியில் ஒரு கை அகலத்துக்குக் கட்டி கட்டியாக இருந்தது. கட்டியை எடுத்துப் போட்டுவிட்டு மீதியை மூன்று நாள் காயவைத்துப் போட்டேன். பத்து நாளுக்குள் நீலப் பெட்டை ஒன்றும், ஒரு மஞ்சள் ஆணும் போய்விட்டன. பூஞ்சை விடுகிற நஞ்சு வெயிலிலும் போகாது, கழுவினாலும் போகாது, பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு விதையில் நிற்கும் என்பது அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. டப்பாவில் ஒரு மூலையில் தெரிந்தாலும் முழுவதையும் குப்பையில் போடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

8. கலக்கும் அளவு

டம்ளர் கணக்கில் சொல்கிறேன். 10 டம்ளர் கலவைக்கு: தினை 4, பனிவரகு 2, கேனரி 2, சாமை 1, குதிரைவாலி 1. கேனரி கிடைக்காதவர்கள் தினை 5, பனிவரகு 2, சாமை 2, குதிரைவாலி 1.

ஒவ்வொரு விதையையும் தனித்தனியாக வாங்கி, சோதித்து, அப்புறம்தான் கலக்க வேண்டும். கலந்த பிறகு எந்த விதை கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. கடைக் கலவையை நான் அதிகம் வாங்காததற்கும் இதுதான் காரணம், அதில் நல்ல தினையோடு கெட்ட பனிவரகு இருந்தால் என்ன செய்வது? கலப்பதும் ஒரு வாரத்துக்கு மட்டும். பெரிய டப்பாவைத் தினம் திறந்தால் தினம் ஈரக்காற்று உள்ளே போகும், அதற்காகத்தான் அன்றாடத்துக்கு இரண்டாவது டப்பா.

9. பழைய தீனியிலிருந்து மாற்றுவது

புதுக் கலவை தயாரானதும் அன்றைக்கே கிண்ணத்தைக் கொட்டிவிட்டு மாற்றுவதுதான் ஆர்வமாக இருக்கிறவர்கள் செய்யும் தவறு. பட்ஜீஸ் தெரியாத விதையைத் தீனி என்றே நினைக்காது. கிண்ணம் நிறைய இருந்தும் பட்டினி கிடக்கும், இந்தச் சின்ன உடம்புக்கு ஒரு நாள் பட்டினியே அதிகம்.

பறவையை வாங்கும்போதே கடையில் என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டு, அதில் அரைக் கிலோ வாங்கி வாருங்கள். முதல் 4 நாள் பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. அடுத்த 4 நாள் பாதிப் பாதி. அப்புறம் புதியது முக்கால். இரண்டு வாரத்தில் முழுக்க மாறிவிடலாம்.

இங்கேதான் தராசு. காலையில் தீனி வைக்கும் முன், ஒரு சின்ன டப்பாவில் பறவையை வைத்து எடை பாருங்கள், எழுதி வையுங்கள். இறகு பொசுபொசுவென்று இருப்பதால் கண்ணால் பார்த்து இளைத்தது தெரியாது. 36 கிராம் இருந்தது 32-க்கு வந்தால் மாற்றுவதை நிறுத்திப் பழையதுக்குத் திரும்புங்கள். எச்சத்தையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகச் சுருண்டு இருப்பது சரி. தண்ணீராகப் போனாலோ, முழு விதை அப்படியே வந்தாலோ, பறவை விதையைக் கக்கினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், இன்னொரு விதை மாற்றிப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

10. கிண்ணத்தில் இருப்பது விதையா, உமியா

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் படிக்கிறவன், ஒரு நாள் காலையில் ஓடி வந்தான். "அண்ணே, குருவி கீழ உட்கார்ந்திருக்கு, கண்ணத் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். வீட்டோடு பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறார்கள்.

"தீனி வெச்சியாப்பா?"

"கிண்ணம் நிறைய இருக்கே அண்ணே, பாருங்க, பாதிகூட தின்னல."

கிண்ணத்தை எடுத்து மெதுவாக ஊதினேன். மேலே இருந்ததெல்லாம் பறந்துபோய்த் தரை முழுக்கப் படிந்தது. அடியில் ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் தெரிந்தது. அந்தப் பையன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. ஒரு பறவையைத் தினைக்கதிரும் வெதுவெதுப்பான தண்ணீருமாகக் கொடுத்துத் தேற்றினோம், இன்னொன்று அன்று மத்தியானம் போய்விட்டது.

பட்ஜீஸ் உமியை உரித்து அதே கிண்ணத்தில்தான் போடும். உரித்த உமி முழு விதை மாதிரியே தெரியும். அதனால் தினமும் காலையில் ஒரு தடவை, முடிந்தால் மாலையிலும், கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதுங்கள். கூண்டுக்குள் வைத்து ஊதினால் தூசி அவற்றின் மேலேயே படியும். அகலமான, ஆழமில்லாத கிண்ணமாக இருந்தால் உமி ஓரமாக ஒதுங்கும், விதை தெரியும். பழையதற்கு மேலே புதியதைக் கொட்டாதீர்கள், அடியில் இருப்பது அப்படியே நாள்கணக்கில் கிடக்கும்.

11. விதையில் இல்லாததை எங்கிருந்து கொடுப்பது

எவ்வளவு நல்ல விதையிலும் கால்சியம், வைட்டமின் ஏ, அயோடின் மூன்றும் போதாது. விதை மட்டுமே தின்ற பட்ஜீஸுக்கு அயோடின் இல்லாமல் தொண்டைக்குள் தைராய்டு வீங்கி, மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வரும். பறவைக் கடையில் அயோடின் கட்டி என்று விற்கிறார்கள், ஒன்று மாட்டிவிடுங்கள். வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரை, கொல்லையிலேயே இருக்கும். கொத்தாகக் கழுவி, ஈரத்தோடு கம்பியில் செருகுங்கள். அந்த ஈர இலையில் உரசிக் குளிக்கவும் செய்யும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

கால்சியத்துக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். வெளியூரில் காசு கொடுத்து வாங்கும் கணவாய் ஓடு நம் அடுப்படியிலேயே கிடைக்கிறது. ஓட்டுக்கணவாய் கழுவும்போது வெள்ளையாக வருகிறதே, அதுதான். ஊசிக்கணவாயில் இருக்காது. ஊர்க் கரையில் ஒதுங்குவதையும் எடுக்கலாம், எண்ணெய்க் கறை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளில் எதையும் எடுக்கக் கூடாது, பவளப்பாறைத் துண்டைக் கூண்டில் அலங்காரமாக வைப்பதும் சட்டப்படி குற்றம், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது.

கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் 4 நாள் ஊறவையுங்கள், தினம் தண்ணீர் மாற்றுங்கள், உப்பு இறங்கத்தான். அப்புறம் 10 நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, மெத்தென்ற பக்கம் பறவைக்குத் தெரிகிற மாதிரி கம்பியில் கட்டுங்கள். கடல் மணலைத் தட்டில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். உமி உரித்துத் தின்னும் பறவைக்கு அரைக்க மணல் தேவையில்லை, அளவு மீறித் தின்றால் வயிறு அடைத்துக்கொள்ளும், உப்பும் சேரும்.

விதையை முளைகட்டியும் கொடுக்கலாம். ராத்திரி ஊறவைத்து, காலையில் அலசி வடித்து, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் கொடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலசாவிட்டால் புளித்துவிடும். கிண்ணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சோளத்தை முளைகட்ட வேண்டாம், இளம் சோள முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

12. மழைக்காலத்துக்குத் தனி நடைமுறை

ஐப்பசி பிறந்ததும் வாங்கும் அளவைப் பாதியாக்குங்கள். மாதத்துக்கு 1 கிலோ வாங்கினவர்கள் 15 நாளுக்கு அரைக் கிலோ. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இன்னும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், பாம்பன் பாலம் அடைத்தால் தீவுக்குள் கடையில் எதுவும் வராது. கூண்டுக்குள் சாரல் பட்ட கிண்ணத்தை அப்படியே கொட்டிவிட்டு, துடைத்து, காயவைத்து, வேறு விதை போடுங்கள்.

தினமும் அன்றாட டப்பாவைத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் ஈரமானால் விதையை உடனே துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் போடுங்கள், டப்பாவைத் துடைத்து அடுப்பு வெக்கையில் காட்டிக் காயவையுங்கள். பரப்பிய விதையில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். "டக்"கென்று உடைகிற வரை டப்பாவில் திரும்பப் போடாதீர்கள்.